ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூள்

1

ஜோயல், நிம்மி,

எஸ்தர் அத்தை ஏன் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதில்லை என்று நிம்மி கேட்டாள். கார் விஷயம் என்றேன். ஒரு ஓட்டைக் காருக்காகவா அண்ணனும் தங்கையும் பேசாமல் இருக்கிறீர்கள் என்று ஜோயல் இங்கிலீஷில் கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை, நான்தான் அரைகுறையாகச் சொன்னேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் பாதியில் போனைப் பார்க்கிறீர்கள். எனக்கும் பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ் என்று குழறிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிம்மி எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். ஜோயலுக்கு அம்மா வாசித்துக் காட்டட்டும்.

கோபமாக இருந்திருந்தால் இந்நேரம் ஆறியிருக்கும். ஆக்லாந்துக்குத் திரும்பி வந்து நாளாகிவிட்டது, இங்கே மழையும் தொடங்கிவிட்டது, எனக்கு இன்னும் குமட்டல் போகவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியின் அடியில் எதையோ பார்த்துவிட்டவன் மாதிரி இருக்கிறேன்.

2

தாத்தாவின் முதல் வருட நினைவுக் கூட்டத்துக்கு நான் மட்டும்தான் போனேன். உங்களுக்குப் பரீட்சை, அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மதுரை ஏர்போர்ட்டுக்கு, அத்தையை வீட்டில் விட்டுவிட்டு, ஜெபராஜ் மாமா மட்டும் நம் பழைய காரிலேயே வந்திருந்தார். அந்தக் கார் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இங்கே பஸ் ஓட்டும் வேலை நிலைத்த பிறகு, தாத்தா ஆஸ்பத்திரிக்கும் சர்ச்சுக்கும் போய்வர நான் வாங்கிக் கொடுத்தது. அப்போதே பழைய வண்டிதான். தாத்தா போன பிறகு மாமா வைத்திருக்கிறார். ஆனால் ஆர்.சி. புத்தகம் இன்னும் என் பேரில் இருக்கிறது.

பெட்டியை வைக்க டிக்கியைத் திறந்தால் இடமில்லை. நாலு தண்ணீர்க் கேன்.

“இது எதுக்கு மாப்ள?”

“வெயில் காலம்ல மச்சான். நமக்குத் தாகம் எடுக்குற மாதிரி வண்டிக்கும் எடுக்கும்ல.”

நானும் சிரித்தேன். பெட்டியைப் பின் சீட்டில் படுக்கவைத்துவிட்டுக் கிளம்பினோம். ரிங் ரோட்டில் கொஞ்சதூரம் போனதும் மாமா கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு ஹீட்டரைப் போட்டார். மே மாதம், மதுரை, உச்சி வெயில். காலடியில் அடுப்பு எரிந்தது.

“என்ன மாப்ள, ஹீட்டரப் போட்டுட்டீங்க?”

“இன்ஜின் சூட்ட அது இழுத்துக்கிரும் மச்சான். கொஞ்சம் வேர்க்கும், ஒடம்புக்கு நல்லதுதான்.”

சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அத்தை வீடு இருக்கிற பசுமலை வருவதற்குள் ஒரு புளியமர நிழலில் ஒதுக்கினார். பானட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியில் துண்டைச் சுற்றி, ஒரு திருகு திருகிவிட்டுப் பின்னால் குதித்தார். ஆவி ஆள் உயரத்துக்கு எழுந்தது. அது அடங்கியதும் ஒரு கேனைக் கவிழ்த்தார். “அம்புட்டுத்தான். இனி பச்சப்புள்ள மாதிரி போகும்” என்றார். அந்தக் குதியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது, இதை அவர் தினமும் செய்கிறார்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். “கிரேஸ் டீச்சருக்கு வண்டியப் பேசி முடிச்சாச்சு மச்சான். கூட்டம் முடிஞ்சதும் நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா வேல தீந்துச்சு.”

கிரேஸ் டீச்சர் அத்தை வீட்டுக்கு அடுத்த தெருக்காரர். தாத்தா படுக்கையில் இருந்தபோது வாரம் தவறாமல் வந்து ஜெபம் செய்தவர். இப்போது அவரை எழுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பசுமலையிலிருந்து செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டிப் போகவேண்டும். வழியில் நிழல் கிடையாது, பாதி தூரம் வெறும் காடுதான். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே இந்த வருடம்தான்.

“சூடாகுறது டீச்சருக்குத் தெரியுமா?”

“டீச்சர் இன்ஜினப் பாத்தா வாங்குறாங்க? பெரியவர் வச்சிருந்த வண்டின்னு வாங்குறாங்க.”

விற்பது என் அப்பாவின் பெயரை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

3

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. விடியுமுன் டிப்போவில் பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் டார்ச்சோடு ஒரு சுற்று சுற்றிவர வேண்டும். டயர், லைட், ஆயில், தண்ணீர். ஏதாவது கோளாறு என்றால் அட்டையில் எழுதிவைத்துவிட்டு வேறு பஸ்ஸை எடுத்துக்கொள்ளலாம். நான் சேர்ந்த புதிதில் எனக்கு இங்கிலீஷ் கட்டி வராது. ஒரு நாள் மேஸ்திரியிடம் போய், வாட்டர் இஸ் லிட்டில், வாட்டர் இஸ் லிட்டில் என்றேன். அவர் பாவப்பட்டு எனக்குக் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார். கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். அந்த பஸ்ஸை நிறுத்திவைத்தார்கள். ஏன் குறை சொன்னாய் என்று யாரும் முறைக்கவில்லை.

இந்த ஊரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. இங்கே பழைய காருக்கு இந்த நோய் வந்தால் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள், நேராக உடைக்கிற யார்டுக்குத்தான். என் கைக்குப் பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் அத்தை காபி போடுவதற்குள் நான் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தேன்.

ஹெட் கேஸ்கட் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டும். அம்மாவின் குக்கர் மூடியில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா, அதுவும் கேஸ்கட்தான். அது போனால் விசில் வராது, ஓரமாகத் தண்ணீர் கக்கும். கார் இன்ஜினும் அதே மாதிரி கீழ் ஒரு பாகம், மேல் மூடியாக ஒரு பாகம். நடுவில் ஒரு மெல்லிய தகடு. ஆனால் குக்கரில் ஒரே ஆவிதான். இதில் ஒரு ஓட்டையில் நெருப்பு, பக்கத்து ஓட்டையில் தண்ணீர், இன்னொன்றில் ஆயில். மூன்றையும் ஒன்றோடு ஒன்று சேரவிடாமல் அந்தத் தகடு பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் முடி அளவு விரிசல் விட்டால் நெருப்பு தண்ணீருக்குள் ஊதும், தண்ணீர் நெருப்புக்குள் போய் ஆவியாகிவிடும். வெளியே ஒரு சொட்டுகூட விழாது. அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எடுத்த எடுப்பில் கேஸ்கட் என்று சொல்லிவிடவும் கூடாது. தண்ணீர் குறைய நூறு காரணம் இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவைத்திருந்தேன். காலையில் அட்டை காய்ந்து கிடந்தது. ஹோஸ்களைத் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை. ஆனாலும் ரேடியேட்டரில் ஒரு சொம்பு தண்ணீர் குறைந்திருந்தது. வண்டியைக் கிளப்பினேன், பின்னால் சைலன்சரில் வெள்ளையாகப் புகை. ஆக்லாந்தில் குளிர்காலத்தில் எல்லா வண்டியும் அப்படிப் புகைக்கும். மே மாதம் பசுமலையில் புகைக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூடியைத் திறந்துவைத்தபடியே ரேடியேட்டர் வாயை எட்டிப் பார்த்தேன். உள்ளே குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது, உலை கொதிப்பது மாதிரி. இன்ஜினோ இன்னும் சூடே ஆகவில்லை. விரலை விட்டுத் துழாவினேன். விரலில் வந்தது தண்ணீர் இல்லை. மஞ்சளும் துருவுமாகக் கலந்த ஒரு களி. மோந்து பார்த்தால் மூன்று நாள் ஊசின சாம்பார்.

மாமா பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

“மாப்ள, இது என்ன?”

“மஞ்சத்தூளு மச்சான். எங்கயாச்சும் சின்ன ஓட்ட இருந்தா அடைச்சுக்கிரும்னு போட்டது. எல்லாரும் போடுறதுதான.”

“ரேடியேட்டருக்குன்னே விக்கிற கூலன்ட் ஊத்தலயா?”

“அதெல்லாம் குளிர் நாட்டுக்கு மச்சான். நமக்கு போர் தண்ணி போதும்.”

பசுமலை போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் பிடிக்கும். அந்த உப்பு, அதன்மேல் துரு, அதன்மேல் சமையல் மஞ்சள். தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன வண்டியின் வயிற்றுக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

“மூடி லூசா இருக்கும் மச்சான், வேற ஒண்ணும் இல்ல” என்றார் மாமா. அதுவும் நடக்கக்கூடியதுதான். புது மூடி வாங்கிப் போட்டு, திருப்பரங்குன்றம் வரை ஓட்டிப் பார்த்தோம். திரும்பி வரும்போது மறுபடியும் ஹீட்டர், மறுபடியும் கேன்.

4

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் காதர் பாய் ஒர்க் ஷாப். மாமா வழக்கமாக விடுகிற இடம். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பாய் வண்டியைப் பார்த்ததும் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்க்கவில்லை.

“பாய், இதுக்கு ஹெட் கேஸ்கட்டோன்னு சந்தேகம். செக் பண்ணித் தாங்க.”

“பண்ணிருவோம்ணே.”

பிளக்குகளைக் கழற்றினார். சைக்கிள் பம்பு மாதிரி ஒன்றை ரேடியேட்டர் வாயில் மாட்டிக் காற்றடித்தார். “இப்ப தண்ணிக்கு அழுத்தம் குடுத்தாச்சு. வெளிய எங்கயும் ஒழுகலன்னா உள்ளதான் போகணும். வாங்க, டீ குடிப்போம்” என்றார்.

டீ குடித்துவிட்டு வந்தால் பம்பின் முள் இறங்கியிருந்தது. அடியில் ஒரு சொட்டு இல்லை. “இப்ப சும்மா ஒரு சுத்து சுத்துறேன். தள்ளி நில்லுங்க” என்று பாய் சாவியைப் போட்டார். நான் தள்ளி நின்றேன். மாமா, அப்படி என்னதான் இருக்கிறதென்று குனிந்து பார்த்தார். மூன்றாவது பிளக் ஓட்டையிலிருந்து மஞ்சள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து மாமாவின் வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து வயிறுவரை அடித்தது.

“மஞ்ச நீராட்டு முடிஞ்சுச்சு மாப்ள” என்றார் பாய். மாமாவே சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்துவிட்டு நான் கேட்டேன். “இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா பாய்?”

“தெரியும்ணே. போன வருஷமே தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க பாய்ன்னாரு. பண்ணிக் குடுத்தேன். என்ன வியாதின்னு அவரு கேக்கலயே.” கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். “வண்டி விக்கணும், முள்ளு ஏறக்கூடாதுன்னாரு. தெர்மோஸ்டாட்டக் கழட்டிட்டேன். பக்கத்துல நாலு தெரு சுத்துனா முள்ளு எந்திரிக்காது.”

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்துவைக்கிற ஒரு சின்னக் கதவு. அதை எடுத்துவிட்டால் கொஞ்ச தூரத்துக்கு முள் படுத்தே கிடக்கும். டீச்சர் ஓட்டிப் பார்த்தது பசுமலைக்குள் நாலு தெரு. எல்லாம் புரிந்துவிட்டது.

இதே காருக்கு ஓடத் தகுதி என்று போன வருடம் சான்றிதழ் புதுப்பித்திருக்கிறார்கள். யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். ஒரு ஏஜென்ட் வாங்கிக் கொடுத்தாராம், வண்டி வீட்டு வாசலை விட்டு நகரவில்லையாம். இதையும் மாமா பெருமையாகத்தான் சொன்னார், அலைச்சல் மிச்சம் என்று. தெரிந்தவன் சொல்லவில்லை, பார்க்கவேண்டியவன் பார்க்கவில்லை, வைத்திருப்பவன் மஞ்சள்தூள் போட்டான். ஒருத்தர் முகத்திலும் வெட்கம் இல்லை, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

திரும்பும் வழியில் சொன்னேன். “மாப்ள, டீச்சர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லா இருக்காது.”

“கூட்டத்துக்கு முன்னாடி சொல்லிர்றேன் மச்சான். நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

ஜோயல், அன்றைக்குச் சாயங்காலம் நீ போனில் வந்தாய். உன்னிடமும் சொன்னேன். “ஆஸ் ஈஸ் என்று எழுதி வித்துடுங்கப்பா, நாட் அவர் ப்ராப்ளம்” என்றாய். இருக்கிற நிலையிலேயே விற்கிறேன் என்று நீ எழுதியாவது கொடுக்கச் சொன்னாய், அந்த மட்டில் நீ மேல். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை மாமா வாயிலும் பாய் வாயிலும் தமிழில் கேட்டுவிட்டுத்தான் உன்னிடம் பேச வந்திருந்தேன்.

5

நினைவுக் கூட்டம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. பாட்டு, வேத வாசிப்பு, போதகர் செய்தி, எல்லாம் நன்றாக நடந்தது. பிரியாணி அண்டா வந்து இறங்கியது. நம் ஆட்கள் வண்டி வாங்கினால் சாவியை ஒரு தட்டில் வைத்துப் போதகர் கையால் ஜெபம் செய்து வாங்குவார்கள். அதற்கும் ஏற்பாடு செய்திருந்தார் மாமா. புதுத் தட்டு, அதன்மேல் வெள்ளை லேஸ் துணி, அதன்மேல் சாவி. அத்தைதான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிரேஸ் டீச்சர் புதுப் புடவையில் என்னிடம் வந்தார்.

“பெரியவர் கையால வாங்குற மாதிரி இருக்குண்ணே எனக்கு.”

“டீச்சர், மாப்ள உங்ககிட்ட எல்லாம் சொன்னாரா?”

“எல்லாமே சொல்லிக் குடுத்துட்டாங்கண்ணே. முள்ளு மேல போனா ஓரமா நிறுத்தி, துண்ட வச்சு மூடியத் தொறந்து, தண்ணி ஊத்திட்டுக் கெளம்பிரணும். நாலு கேனயும் சும்மாவே தந்துட்டாங்க. எஸ்தர் பக்கத்துலதான் இருந்தா.”

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டவர் மாதிரி. அவர் நடிக்கவில்லை, நிம்மி. உண்மையாகவே சொல்லிவிட்டதாக நினைத்தார்.

கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று இங்கே டிரைவர் வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். கொதிநீர் முகத்துக்கு வரும். மாமாவுக்குக் குதிக்கத் தெரியும். ஓட்டவே இப்போதுதான் கற்றுக்கொண்ட ஒரு பெண், புடவையில், உசிலம்பட்டி தாண்டி, சுற்றிலும் ஆளில்லாத ரோட்டில், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் திறப்பார். சொல்லிக்கொடுத்த மாதிரியே திறப்பார்.

போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடிவிட்டார். நான் தட்டிலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

“ஐயா, மன்னிக்கணும். டீச்சர், இந்த வண்டி உங்களுக்கு வேணாம். இதுக்கு ஹெட் கேஸ்கட் போயிருச்சு. நேத்து கோரிப்பாளையத்துல காட்டி உறுதியாயிருச்சு. எந்த வண்டின்னாலும் சூட்டோட மூடியத் தொறக்காதீங்க. மூஞ்சி வெந்துரும்.”

போதகர் கண்ணைத் திறந்து தட்டையும் என்னையும் பார்த்தார். “அப்ப சாப்பாட்டுக்கு மட்டும் ஜெபம் பண்ணிருவோமா?” என்று கேட்டார். அதையே செய்தார்.

டீச்சர் நன்றி சொல்வார் என்று நினைத்தீர்களானால், சொல்லவில்லை. முகம் சுண்டிப்போய், “இத வீட்டுக்கு வந்து தனியாச் சொல்லிருக்கலாம்லண்ணே. ஊர் முன்னாடி என்னய முட்டாளாக்கிட்டீங்களே” என்றார். சாப்பிடாமல் போய்விட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். முந்தின நாளே நான் அடுத்த தெருவுக்கு நடந்து போயிருக்கலாம். மாமாவை நம்பினேன்.

அத்தை காலித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். “அப்பா நினைவு நாள்ல என் புருசனக் கூண்டுல ஏத்திட்டீங்க. வெளிநாட்டுல இருந்து இதுக்குத்தான் வந்தீங்களாண்ணே?” என்று கேட்டாள். மாமா பந்தியில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, “கறி வைங்க மச்சானுக்கு” என்றார். அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

6

வண்டியைக் காதர் பாயிடமே விட்டேன். இன்ஜினின் மேல் மூடியைக் கழற்றி எனக்குக் காட்டினார். அந்தத் தகட்டில் மூன்றாவது ஓட்டைக்கும் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு, தீக்குச்சி கனம்கூட இல்லை. புதுத் தகடு போட்டு, ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட்டையும் கூலன்டையும் போட்டு அத்தை வீட்டுக்கே கொடுக்கச் சொன்னேன். விற்கவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். செய்வார்கள் என்று உறுதியாக எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

நான் கிளம்புகிற அன்றைக்கு வாசலில் ஆட்டோ நின்றது. மாமா பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு டிரைவரிடம் பேசப் போனார். அத்தை அதுவரை என்னோடு பேசவில்லை. உங்களுக்காகக் கட்டிவைத்த முறுக்குப் பையை எடுத்துக்கொண்டு வந்து ஆட்டோவுக்குள் நீட்டினாள். அந்த வெயிலிலும் முழுக்கை ஜாக்கெட்தான் போட்டிருந்தாள், நான் வந்த நாளிலிருந்தே அப்படித்தான். பையின் கனத்துக்குக் கை நீண்டபோது துணி மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் பளபளவென்று சுருங்கி, பாதி வெளுத்து இருந்தது.

பையை வாங்காமல் கையைப் பிடித்துக்கொண்டேன். “எப்பம்மா?”

“போன ஆடில. செக்கானூரணிகிட்ட.” கையை இழுத்துக்கொண்டாள். “ரோட்டு நடுவுல நின்னுபோச்சு, பின்னால பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சுக் கத்துறான். சீக்கிரம் மூடியத் தொறன்னு சொன்னாரு. தொறந்தேன்.”

“டீச்சர்கிட்ட அவரு அதே மாதிரி சொல்லும்போது நீ பக்கத்துலதான இருந்த எஸ்தர்?”

அவள் துணியை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டாள். “எனக்கும்தான் பட்டுச்சு. நான் என்ன செத்தா போயிட்டேன்? யாருகிட்டயாவது சொல்லி அவர அசிங்கப்படுத்துனேனா?”

மாமா திரும்பி வந்துவிட்டார். முறுக்குப் பையை அவர்தான் என் மடியில் வைத்தார்.

அத்தை பேசாமலிருப்பதற்குக் காரணம் இதுதான். நான் மாமாவை அவமானப்படுத்தியதை அவள் ஒருநாள் மறந்துவிடலாம். நான் அந்தக் கையைப் பார்த்துவிட்டேன் என்பதை மறக்கமாட்டாள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டோ கிளம்பிவிட்டது.

அவளாகப் போன் செய்யமாட்டாள். நீங்கள் செய்யுங்கள். ஜோயலும் கூட இருக்கவேண்டும். நிம்மி, தமிழ் தப்பாக வந்தால் வரட்டும், காரைப் பற்றி ஒன்றும் பேசாதே. கை எப்படி இருக்கு அத்தை என்று கேள். ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள். மறுபடியும் கேள்.